மாப்பிள்ளை, உங்கள் தளத்தைப் பெயர்த்துவிட்டோம்

அன்பு மாப்பிள்ளை செல்வராஜுக்கு,

விளாங்குடியிலிருந்து உங்கள் மச்சான் எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மொட்டை மாடியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதச் சொன்னது எஸ்தர்தான்.

"அவுக போட்ட தளத்தப் பேத்து எடுக்கணும்னா அவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ணே. நான் கல்லறையில சொல்லிக்கிருவேன். நீங்க எழுதிருங்க. உங்களுக்கு எழுதுனாத்தான் கோர்வையா வரும்" என்றாள்.

சபையின் மாதப் பத்திரிகையில் இதைப் போடக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் நம் சபையில் பாதிக் குடும்பங்களுக்குக் காரை வீடுதான். ஒழுகுகிற தளத்தின் மேலேயே புது ஓடு பதிக்கலாமா, பழையதைப் பெயர்த்துவிட்டுத்தான் பதிக்க வேண்டுமா என்று ஆளுக்கு ஆள் குழம்புகிறார்கள். உங்களுக்குச் சொல்கிறபோது அவர்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கை எஸ்தரைக் கட்டிய நீங்களும் நானும் சேர்ந்தாற்போல் மனை வாங்கி, நடுவில் ஒரே சுவர் வைத்து, இரண்டு வீடு கட்டினோம். கீழே இரண்டு குடும்பம், மேலே ஒரே தளம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன் மேல் உள்ளங்கை அகலத்துச் சதுரத் தட்டோடுகளைப் பதித்தது. மாடியில் குறுக்குச் சுவர் வைக்கலாமா என்று கொத்தனார் கேட்டபோது நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "சொவரு வச்சா துணி காயப்போட வெயிலயும்ல பங்கு போடணும் மச்சான்?" என்றீர்கள். அதனால் சுவர் வரவில்லை. தண்ணீர் வடிவதற்காக என் பக்கம் மேடு, உங்கள் பக்கம் பள்ளம். மழைத்தண்ணீர் வெளியேறுகிற தூம்பு உங்கள் வீட்டு மூலையில் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தளத்தில் அங்கங்கே விரிசல் விட்டது. ஓடுகளைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் மின்வாரிய ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கின கையோடு தீர்ப்பு சொன்னீர்கள். "எதுக்கு மச்சான் பழசப் போட்டு நோண்டிக்கிட்டு? நோண்டுன எடத்துலயெல்லாம் வேலை வரும். மேல போட்டு மூடுங்க." அந்த வாரமே மாயாண்டிக் கொத்தனார் வந்தார். பழைய ஓட்டின் மேலேயே சாந்து பரப்பி, புது ஓடு பதித்து, சந்து பூசி முடித்துவிட்டார். உங்கள் சைக்கிள் சீட்டும் அப்படித்தானே. கிழிந்த உறையின் மேல் இன்னொரு உறை, அதன் மேல் ஒன்று. கடைசியில் தலையணையில் உட்கார்ந்து போவதுபோல் போவீர்கள்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் போட்ட தளம் நின்றது. உங்கள் காலம் முடிகிற வரைக்கும் இரண்டு வீட்டிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

நீங்கள் போன பிறகு டைப்ரைட்டிங் வகுப்பை எஸ்தர் ஒருத்தியே நடத்துகிறாள். முன் ஹாலில் அதே ஆறு மிஷின். காலையில் மூன்று பேட்ச், சாயங்காலம் மூன்று பேட்ச். அவளுடைய ஜீவனம் அதுதான். ஜீவனம் மட்டும் இல்லை, காலையில் எழுந்து தலை சீவிக்கொள்வதற்கு ஒரு காரணமும் அதுதான் என்று ரூபி சொல்கிறாள். என் மனைவி சில விஷயங்களை என்னைவிடச் சரியாகச் சொல்வாள்.

போன ஐப்பசியில் மூன்றாம் நம்பர் மிஷினுக்கு மேலே ஈரம் கண்டது. எஸ்தர் மிஷினை ஒரு முழம் நகர்த்திப் போட்டு, கீழே ஈயச் சட்டியை வைத்தாள். இந்த வைகாசியில் கோடை மழை அடித்தபோது சொட்டு நிற்கவில்லை. மழை விட்டு இரண்டாம் நாள், மேலேயிருந்து தேங்காய் மூடி அளவுக்குக் காரை பெயர்ந்து, நகர்த்திப் போட்டிருந்தும் மூன்றாம் நம்பர் மேலேயே விழுந்தது. அங்கே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

இந்தச் செய்தி தெருவில் நடந்து போய்விட்டது. "டீச்சர், மழைக்காலம் முடியட்டும், பிள்ளைய அனுப்புறேன்" என்று ஒரு தகப்பன் வந்து சொன்னார். அடுத்து ஒரு தாய். தவறாகச் சொல்லவில்லை, அவர்கள் பிள்ளை. எழுமலையிலிருந்து உங்கள் மகள் ஜெஸி ஓடிவந்தாள். "மிஷினெல்லாம் குடுத்துட்டு என்கூட வந்து இரும்மா. ஒழுகுற வீட்டுல என்னத்துக்குக் கெடக்குற?" என்றாள்.

"உன் வீட்டுல வந்து என்னத்தத் தட்டச் சொல்ற? உன் மாமியா தலையிலயா?" என்றாள் எஸ்தர்.

ஜெஸி சிரித்துவிட்டாள். ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் தனியாக, "மாமா, அடுத்த மழைக்குள்ள சரி பண்ண முடியலைன்னா அம்மாவ நான் தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பேச்சில் உங்கள் வேகம் இருக்கிறது. செய்துவிடுவாள்.

ஆக, ஐப்பசிக்குள் தளம் சரியாக வேண்டும். இல்லையென்றால் வகுப்பு இல்லை, எஸ்தர் விளாங்குடியில் இல்லை. இதுதான் நிலவரம்.

மாயாண்டிக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். தலை நரைத்துவிட்டது, வெற்றிலை அப்படியே. மாடியில் இரண்டு சுற்று நடந்தார். "வாத்தியாரய்யா, ரெண்டும் செய்யலாம். மேல போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். பேத்துப் போட்டா நாளாகும், கீழ வகுப்பு நடத்த முடியாது, தூசியும் துண்டும் விழும். நடுவுல மழை பேஞ்சா அம்புட்டும் உள்ள வந்துரும். நீங்களும் தங்கச்சியும் பேசி முடிவு சொல்லுங்க."

எங்கள் சண்டை அங்கே தொடங்கியது.

எஸ்தர் மேலே போடு கட்சி. வகுப்பை மூட வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் மறைக்கவே இல்லை. "அவுக இருந்தா மேல போடுன்னுதான் சொல்லுவாக. அவுக சொல்லிப் போட்ட தளம் நல்லாத்தான இருந்துச்சு?"

நான் பெயர்க்கிற கட்சி, அதுவும் ஒழுகுகிற உங்கள் பக்கத்தை மட்டும். என் வழக்கப்படி உதாரணத்தோடு ஆரம்பித்தேன். "புண்ணக் கழுவாம மேல பிளாஸ்திரி ஒட்டுனா என்ன ஆகும் எஸ்தர்?"

"பள்ளிக்கூடத்துல கரும்பலகைக்கு வருசா வருசம் பழசு மேலதான மை பூசுனீக? அப்பச் சொரண்டிட்டா பூசுனீக?"

"அது வேற தாயி. பலகை மழையில நனையாது. சரி, வேற சொல்றேன். ஒருத்தன் சட்டை மேல சட்டை போட்டா..."

"அண்ணே, உதாரணம் இல்லாம ஒரே ஒரு வாக்கியம் பேசுங்க பாப்போம். பேசிட்டா நீங்க சொல்றத நான் கேக்குறேன்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் 'மாதிரி' என்று வந்து நின்றது. ரூபி அடுப்படியிலிருந்து, "அவரால முடியாது எஸ்தர், ஜெபத்துலயே உதாரணம் சொல்லுவாரு" என்றாள். அன்றைக்குச் சண்டை அதோடு நின்றது.

உதாரணம் இல்லாமல் இப்போது எழுதிவிடுகிறேன், அவள் படிக்கட்டும். ஒன்று, பாரம். நீங்கள் போட்ட அடுக்கே கட்டைகளுக்குக் கூடுதல். மூன்றாவது வந்தால் கட்டை தாங்குமா என்று கட்டையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இன்னொன்று, மட்டம். உங்கள் அடுக்கு வந்தபோதே தளம் உயர்ந்து, மாடிப்படி வாசல் நிலையின் அடிக்கட்டைக்குச் சமமாகிவிட்டது. மழைத்தண்ணீர் படியில் இறங்காமல் இருக்க நீங்கள் அங்கே செங்கல் வைத்து ஒரு மேடு கட்டினீர்கள், அதில் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறேன். தூம்பின் வாயும் பாதி அடைபட்டது. இன்னும் ஒரு அடுக்கு வந்தால் தூம்பு முழுக்க மூடிப்போகும், மாடி தொட்டியாகிவிடும்.

இத்தனையும் சொன்னேன். "அப்பத் தூம்ப ஒசத்தி வச்சுக்கிருவோம்" என்றாள். உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

கடைசியில் நான் ஒரு நடுவழி சொன்னேன். தண்ணீர் இறங்குகிற இடம் எது என்று கண்டுபிடிப்போம். அந்த இடத்தை மட்டும் பெயர்த்துப் பூசிவிட்டால் பெரிய வேலை இரண்டுமே வேண்டாம். எஸ்தர் ஒத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தின சிவப்பு மை நான்கு புட்டி பரணில் மிச்சம் கிடந்தது. ஓய்வு பெற்றவனிடம் அந்த மைக்கு வேறு வேலை இல்லை. எஸ்தர் வீட்டு ஹாலுக்கு நேர் மேலே, களிமண்ணால் சின்னப் பாத்தி கட்டினேன். தண்ணீரில் மையைக் கலந்து அதில் தேக்கினேன். கீழே சிவப்பு சொட்டினால் அந்தப் பாத்திதான் வாசல். சொட்டாவிட்டால் அடுத்த பாத்தி. இதைவிட எளிமையான சோதனை இருக்கிறதா?

ஹாலின் மேலே முழுக்கப் பாத்தி மாற்றி மாற்றிக் கட்டினேன். காலையில் ஊற்றுவேன், சாயங்காலம் கீழே வந்து அண்ணாந்து நிற்பேன். டைப் அடிக்க வந்த பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்க்கும். ஒன்றும் இறங்கவில்லை. தட்டிப் பார்த்தால் பல இடத்தில் ஓடு பொய்க்குரல் கொடுக்கிறது, அடியில் ஒட்டாமல் கிளம்பி நிற்கிறது. ஆனால் மை மட்டும் உள்ளே போகவில்லை. மாடிதான் ஆட்டுக்கறி வெட்டின இடம்போல் சிவந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "சார், மேல என்ன பூசையா?" என்று கேட்டார். கிறிஸ்தவன் வீட்டு மாடியில் இப்படி ஒரு கேள்வி.

"அண்ணே, எப்ப மார்க்கு போடுவீக?" என்று எஸ்தர் தினமும் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

மை தீர்ந்தது. சோதனையை முடித்துவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைத் துணிகளை ரூபி மாடியில் என் பக்கத்துக் கோடியில் அலசி, நீலம் போட்டுக் காயவைத்தாள். மிச்ச நீலத் தண்ணீரை எப்போதும்போல் அங்கேயே கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கவிழ்த்துவிட்டு இறங்கினாள். அன்றைக்குக் கனமான துணி, இரண்டு வாளி நீலம்.

சாயங்கால பேட்ச் நடக்கும்போது எஸ்தர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிள்ளை அடித்து முடித்து, ஆளில்லாத மூன்றாம் நம்பர் மேல் வைத்திருந்த தாள். 'ஏ எஸ் டி எஃப்' என்று வரிசையாக ஓடின எழுத்துகளின் மேல் பளிச்சென்று ஒரு நீலப் பொட்டு.

"அண்ணே, உங்க செவப்பு மை எங்க போச்சுன்னு தெரியல. மதினி நீலம் வந்து சேந்துருச்சு" என்றாள்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். மூன்றாம் நம்பருக்கு மேலே, காரை விழுந்த பள்ளத்தின் உதட்டில், இன்னொரு நீலச் சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் உள்ளே போகிற வாசல் என் வீட்டின் மேலே இருந்தது, மாப்பிள்ளை. என் பக்கத்துக் கைப்பிடிச் சுவரும் நீங்கள் போட்ட ஓடும் சேருகிற மூலையில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு. அங்கே இறங்குகிற தண்ணீர் என் வீட்டுக்குள் சொட்டுவதில்லை. பழைய ஓட்டுக்கும் புது ஓட்டுக்கும் நடுவில், பள்ளத்தைப் பார்த்து ஊர்ந்து, நடுச்சுவரைத் தாண்டி, உங்கள் ஹாலின் மேலே வந்து பழைய தளத்தின் விரிசலைக் கண்டுபிடித்து இறங்கியிருக்கிறது. ஒழுகுகிற வீட்டின் மேலேயே ஊற்றி ஊற்றிப் பார்த்த நான், ஒழுகாத என் வீட்டின் மேல் ஒரு பாத்தி கட்ட நினைக்கவே இல்லை.

"நாப்பது வருசம் விஞ்ஞானம் சொல்லிக் குடுத்தீக. தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும்னு அந்தப் புத்தகத்துல இல்லையாக்கும்?" என்றாள் ரூபி. இருந்தது. ஆறாம் வகுப்பிலேயே இருந்தது.

எஸ்தர் சிரிக்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப மூணாவதா ஒண்ணு மேல போட்டாலும் தண்ணி நடுவுலதானண்ணே நடந்து வரும்? எங்க நுழையுது, எங்க எறங்குதுன்னு நமக்குத் தெரியவே தெரியாதுல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். உதாரணம் சொல்லவில்லை.

"நீங்க என் பக்கத்த மட்டும் பேக்கச் சொன்னீக."

ஆமாம் என்றேன் அதற்கும்.

"இப்ப ரெண்டு பக்கமும் பேக்கணும்."

"ரெண்டு பக்கமும்தான் தாயி."

"அவுக இதப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாக?" என்று கேட்டாள். அவள் கேட்டதை உங்களிடமே கேட்கிறேன். என்ன சொல்லியிருப்பீர்கள்? மூலைக்கு மட்டும் ஒரு கை சாந்து பூசி மூடுங்கள் என்றிருப்பீர்களா? அந்த யோசனை எனக்கும் வந்தது. மாயாண்டியும், "அந்த மூலைய அடைச்சுப் பாப்போமாய்யா?" என்று ஒருமுறை கேட்டார். ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் இருக்காதா? காரை விழுந்த இடத்துக் கட்டை எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? இதற்கு எஸ்தர்தான் பதில் சொன்னாள். "அந்தப் பிள்ள தண்ணி குடிக்கப் போனதால நான் இன்னைக்கு நிம்மதியா உக்காந்திருக்கேன். அடுத்த தடவையும் அதுக்குத் தாகம் எடுக்கும்னு நான் இருக்க முடியாது. பேத்துருங்க."

அதன் பிறகுதான் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற பேச்சு வந்தது. அப்போதே ஆவணி பாதி போய்விட்டது. முதலில் எழுதிவிட்டுப் பெயர்க்க நேரமில்லை. பெயர்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆறு மிஷினும் எங்கள் ஹாலுக்கு வந்தன. என் சாய்வு நாற்காலி அடுப்படிக்குப் போனது, நானும் கூடவே போனேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் சத்தத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ரூபிக்கு அது பிடித்துப்போய்விட்டது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்து, அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். என் பக்கத்துத் தளத்தைப் பெயர்க்கிற முறை வந்தபோது மிஷின்களைக் கோவில் வளாகத்து ஞாயிறு பள்ளிக் கட்டடத்துக்கு மாற்றினோம். வேலை நடந்த நாட்களில் வகுப்பு ஒருநாளும் நிற்கவில்லை. பெற்றோரிடம் எஸ்தரே வீடு வீடாகப் போய், "தளத்தப் பேத்து எடுக்குறோம், பூசி மறைக்கல. வந்து உங்க கண்ணால பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு மூன்று பேர் வந்து பார்க்கவும் செய்தார்கள்.

நீங்கள் போட்ட ஓடு அவ்வளவு சுலபமாக வரவில்லை. பல இடத்தில் கடப்பாரையை வைத்து நெம்ப வேண்டியிருந்தது. மாயாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என் கைவேல. எனக்கே எதுத்து நிக்குது" என்றார். ஆனால் உங்கள் ஹாலின் மேலே மட்டும் ஓடுகள் கையோடு வந்தன, தட்டிலிருந்து இட்லி எடுப்பதுபோல். அடியில் சொதசொதவென்று ஈரம். கைப்பிடிச் சுவர் மூலையிலிருந்து ஒரு அரசஞ்செடியின் வேர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் புகுந்து, பின்னல் சடைபோல் தட்டையாகப் படர்ந்து வந்திருந்தது. மேலே இரண்டே இரண்டு இலைதான் தெரியும், அதை நான் அவ்வப்போது கிள்ளிப் போட்டிருக்கிறேன். அடியில் அது எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் போய்க் குடியிருந்திருக்கிறது.

காரை விழுந்த இடத்தில் செங்கல்லை எடுத்ததும் தேக்குக் கட்டை தெரிந்தது. இரண்டு கட்டைகளின் நுனி, சுவருக்குள் செருகியிருந்த பாகம், விரலை வைத்தால் உள்ளே போயிற்று. ஊறின ரொட்டி. மாயாண்டி ஒரு பிடி அள்ளி எஸ்தர் கையில் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள், கீழே ஹாலில் மூன்றாம் நம்பர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எங்களோடு சாப்பிட்டாள்.

அந்தக் கட்டையின் மேல் மூன்றாவது அடுக்கையும் ஏற்றியிருந்தால் என்று நான் சொல்லிக்காட்டவில்லை.

உங்களுக்காக மாயாண்டி சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "வாத்தியாரய்யா, அண்ணன் அன்னைக்குச் சொன்னது தப்பில்ல. அன்னைக்கு அடித்தளம் காஞ்சு கெட்டியா இருந்துச்சு, கட்டை நல்லா இருந்துச்சு. மேல போட்டோம், இம்புட்டு மழை தாங்குச்சு. இப்ப அடியில ஈரம். ஈரத்த உள்ள வச்சு மூடக்கூடாது, அம்புட்டுத்தேன்." பத்திரிகை படிக்கிறவர்களுக்கும் இதுதான் பதில். தட்டிப் பாருங்கள். கட்டை நுனியைப் பாருங்கள். தூம்பின் வாயையும் வாசல் நிலையையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒருமுறை மேலே போடலாம். இரண்டாம் முறை போடாதீர்கள்.

புரட்டாசி நடுவில், பாதித் தளம் திறந்து கிடக்கும்போது ஒரு சாயங்காலம் மழை வந்தது. நல்லவேளையாக அவனியாபுரம் லாரிப் பட்டறையிலிருந்து தார்ப்பாய் வாங்கிக் கட்டியிருந்தோம். நடுவில் தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல் இறங்கியது. எஸ்தரும் ரூபியும் ஆளுக்கொரு ஒட்டடைக் கம்போடு அடியில் நின்று அதைத் தள்ளித் தள்ளி வெளியே ஊற்றினார்கள். "மதினி, உங்க பக்கம் தள்ளாதீக, என் பக்கம்தான் வரும்" என்று எஸ்தர் கத்தினாள். இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மனைவி அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

இரண்டு கட்டைகளும் மாற்றியாயிற்று. மாற்றின இடத்தில் காரை போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கினார்கள். வேரைச் சுவருக்குள் வரைக்கும் தோண்டி எடுத்தோம். அடியிலிருந்த முதல் ஓட்டையும் எடுத்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுக்காகப் புது ஓடு. தளம் பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டது. படி வாசலில் நீங்கள் கட்டின செங்கல் மேட்டுக்கு வேலை இல்லை, எடுத்துவிட்டோம். தூம்பின் வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. குறுக்குச் சுவர் இப்போதும் இல்லை. மாயாண்டி கேட்டார், எஸ்தர் நீங்கள் சொன்ன பதிலையே சொன்னாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நான்கு நாளாக விடாமல் அடிக்கிறது. முதல் நாள் மழையில் எஸ்தர் வகுப்பு வைக்கவில்லை. ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில், மற்ற மிஷின்களோடு ஹாலுக்குத் திரும்பி வந்து ஓரமாக இருந்த மூன்றாம் நம்பரை அதன் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டாள். யாரையும் அங்கே உட்கார விடவில்லை. தானே உட்கார்ந்து, பகல் முழுக்க அதில் அடித்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தையும் மீறி என் வீட்டுக்குக் கேட்டது.

இன்றைக்குக் காலை பேட்சுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அன்று தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை குடையை மடக்கிவிட்டு வந்து, "டீச்சர், எனக்கு மூணாம் நம்பர்தான?" என்று கேட்டாளாம். எஸ்தர் அந்த மிஷினின் உறையை எடுத்துக் கொடுத்தாளாம். ஜெஸிக்கு நானே கார்டு எழுதிப் போட்டுவிட்டேன், உன் அம்மா எங்கேயும் வர மாட்டாள் என்று.

மாப்பிள்ளை, ஒரு வாக்கு கொடுக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் எஸ்தர் வீட்டில் எது ஒழுகினாலும், முதலில் என் வீட்டின் மேலே ஏறிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கும் சேர்த்து மழையைக் கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சான்,
தேவசகாயம்